கொழுப்பும் அளவுகோலும்: கொம்பனித்தெருவை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

அன்றாட உணவிலுள்ள கொழுப்பமிலங்களையும் ட்ரான்ஸ் கொழுப்பையும் அளந்தறிதல் இரசாயனவியலாரின் பணி. இலக்கிய மாணவர்க்கு அங்கு என்ன வேலை என்னும் வினா எழக்கூடும். எழுவது நியாயமே. ஆயினும் அளவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. எதனை அளப்பது, எப்போது அளப்பது, யார் கேட்டு அளப்பது என்பன ஆய்வுகூடத்தின் உள்ளே மட்டும் தீர்மானிக்கப்படுவனவல்ல. இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது இதுவே: கொழுப்பை அளக்கும் முறைகளுட் பெரும்பாலானவை உண்பவனின் உடல்நலங் கருதித் தோன்றியவையல்ல, விற்பவனின் பண்டத்தை அதனிலும் மலிவான போட்டிப் பண்டத்திடமிருந்து காப்பதற்காகத் தோன்றியவை. உண்பவன் அக்கணக்கினுள் வந்து சேர்ந்தது மிகப் பிந்தியே. கொழும்பின் கொம்பனித்தெரு போன்ற ஓர் உழைக்கும் மக்கள் வட்டாரத்தில் அவன் இன்றும் முழுதாக வந்து சேரவில்லை.

முதலிற் சொற்களை நோக்குவோம். நெய் என்பது தமிழிற் பழஞ்சொல். எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. பின்னர் அச்சொல் எள்ளை மறந்து தேங்காய்க்கும் வேம்பின் வித்துக்கும், ஈற்றில் மண்ணுக்குங்கூடப் பொதுவாயிற்று. ஒரு பொருளின் பெயர் ஓரினத்தின் பெயராக விரிவது அப்பொருளின் ஆட்சியைக் காட்டும். சங்க இலக்கியத்துப் பொருநரும் பாணரும் கொழுவிய ஊனை வியந்து பேசுவது அவர்களுடைய நாச்சுவையினால் மட்டுமன்று. பசியே நிலையாகவும் விருந்தே விலக்காகவும் இருந்த வாழ்வு அவர்களுடையது. கொழுப்பு என்ற சொல் செருக்கையும் குறிக்க வந்தமை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. 'உனக்குக் கொழுப்பு' என ஒருவனை ஏசும்போது, உடலிற் கொழுப்புச் சேருமளவுக்கு உண்ணக்கூடியவன் யாவன் என்பது பற்றிய பழைய வர்க்க அனுபவமொன்றையே நாம் அறியாது உச்சரிக்கின்றோம். இன்று அந்நிலை தலைகீழாகிவிட்டது. கொழும்பிற் கொழுப்பினால் நோயுறுபவன் செல்வன் மட்டுமல்லன். பட்டரும் மாஜரீனும் நெய்யைப் போலத் தமிழிற் பெயர் பெறவில்லை. பேணியின் மேல் எழுதப்பட்டிருந்த பெயரோடேயே வந்தன. பண்டமாக வந்தவை பண்டப் பெயரோடே நின்றன.

கொம்பனித்தெரு என்ற பெயருக்கும் ஒரு கதையுண்டு. ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் அடிமைகள் பேரே வாவியால் சூழப்பட்ட அந்நிலத்தில் இரவில் அடைத்துவைக்கப்பட்டனர் என்பதும், அதனாலேயே ஆங்கிலேயர் அதனை அடிமைத்தீவு என்றழைத்தனர் என்பதும் பலரும் அறிந்தவை. ஆங்கிலேயராட்சியில் இலங்கை ரைபிள் படைப்பிரிவின் மலாய்ச் சிப்பாய்கள் அங்கு குடியிருந்தனர். 1873இல் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்ட பின்னரும் மலே வீதியும் ஜாவா லேனும் ரைபிள் வீதியும் பெயரளவிலேனும் நிலைத்தன. கொம்பனி என்பது படைப்பிரிவைக் குறிப்பதா, வாணிகக் கம்பனியைக் குறிப்பதா என வாதிடுவோர் உளர். காலனித்துவ வரலாற்றில் இவ்விரண்டும் வேறு வேறாக இருந்ததில்லையாதலால் இவ்வாதம் எமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆங்கிலப் பெயர் அங்கு உழைத்தவனைச் சொல்கிறது, தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் அவனை ஆண்டவனைச் சொல்கின்றன என்பதே கவனத்துக்குரியது. மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் என ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த இவ்வட்டாரத்தில் வேகந்தைப் பள்ளிவாசலும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் எவ்வளவு அருகருகே உள்ளனவோ, அவ்வளவு அருகருகே அவர்தம் சமையல்களும் இருந்தன.

இனி அளவைக்கு வருவோம். ஒலெயிக் அமிலத்தின் காபன் சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதன் இருமருங்கிலுமுள்ள ஐதரசன் அணுக்கள் ஒரே பக்கத்தில் நிற்குமாயின் அது சிஸ் வடிவம். எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்குமாயின் ட்ரான்ஸ் வடிவம். சிஸ் சங்கிலி வளைந்து நிற்கும். ட்ரான்ஸ் சங்கிலி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்தவை நெருங்கி அடுக்குண்டு இலகுவில் உறையும். அணுக்களின் எண்ணிக்கையில் எவ்வித மாற்றமுமின்றியே ஒலெயிக் அமிலம் சுமார் 13 பாகை செல்சியசிலும், அதன் ட்ரான்ஸ் வடிவான எலைடிக் அமிலம் சுமார் 45 பாகையிலும் உருகுகின்றன.

இந்த எலைடிக் அமிலம் முதன்முதலில் எங்கு தோன்றியது? உணவுத் தொழிற்சாலையிலன்று. 1819இல் பிரான்சின் மார்செய் நகரைச் சேர்ந்த பூத்தே என்னும் மருந்தாளர் ஒலிவ எண்ணெயில் மலிவான எண்ணெய் கலந்துள்ளதா என்றறிய ஒரு சோதனையை வகுத்தார். பாதரச நைத்திரேற்றுக் கரைசலுடன் கலக்கும்போது தூய ஒலிவ எண்ணெய் இறுகி உறைந்தது. கலப்பட எண்ணெய் அவ்வாறு உறையவில்லை. அவ்வாறு உறைந்த பொருள்தான் ட்ரான்ஸ் கொழுப்பு. ஒலிவ வணிகரின் சந்தையைக் காக்கும் சோதனைக் குழாயிலேயே அது மனிதக் கையாற் பிறந்தது என்பது வரலாற்றின் சிறியதொரு நகையாடலாகும்.

1869இல் மூன்றாம் நெப்போலியன் கடற்படையினர்க்கும் வறியோர்க்கும் ஏற்ற மலிவான வெண்ணெய்ப் பதிலியொன்றை வேண்டிப் பரிசு அறிவித்தான். இப்போலித் மேஜ்-முரியே மாட்டுக் கொழுப்பையும் பாலையும் கொண்டு மாஜரீனை ஆக்கினார். தொழிலாளியின் கூலியை உயர்த்தாமல் அவனுடைய உணவை மலிவாக்குவது உழைப்புச் சக்தியின் விலையைத் தாழ்த்திவைப்பதற்கு உகந்த வழி என்பதை விளக்க வேண்டியதில்லை. ஈராண்டுகளுக்கு முன் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலே, இலண்டன் தொழிலாளி உண்ட பாணிற் படிகாரமும் மணலும் கலந்திருந்தமையையும், 1860ஆம் ஆண்டின் கலப்படத் தடைச்சட்டம் பயனற்றுப் போனமையையும் மார்க்ஸ் எடுத்துக்காட்டியிருந்தார்.

மாஜரீன் பெருகவே வெண்ணெய் முதலாளிகள் கலங்கினர். அடுத்து வந்த கால் நூற்றாண்டு கொழுப்பு அளவைகளின் பொற்காலம் எனலாம். 1879இல் றைகேர்ட்டும் மைஸ்லும் வகுத்த அளவை, நீரிற் கரைந்து ஆவியாகும் அமிலங்களைக் கணித்து வெண்ணெயின் தூய்மையைக் கூறிற்று. 1884இல் ஹியூப்ல் வகுத்த அயடீன் பெறுமானம் கொழுப்பின் நிரம்பாத்தன்மையைக் கூறிற்று. 1887இல் பிரித்தானியா, மாஜரீனை அதன் பெயராலன்றி விற்றலாகாதெனச் சட்டமியற்றிற்று. எமது நாட்டைப் பொறுத்தவரை இவ்வரிசையில் முக்கியமானது 1904இல் ஜேர்மனியிற் பொலென்ஸ்கே வகுத்த அளவையாகும். வெண்ணெயிற் கள்ளமாகப் புகுந்த தேங்காய் எண்ணெயைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். நீரிற் கரையாத, ஆனால் ஆவியாகும் அமிலங்கள் வெண்ணெயிற் சிறிதளவே உள; தேங்காய் எண்ணெயில் அவை பல மடங்கு மிகுதி. காலனிநாட்டுத் தோட்டங்களிலிருந்து சென்ற எண்ணெய்க்கு ஐரோப்பிய ஆய்வுகூடம் வகுத்த தனியளவை, அதனை ஓர் ஊடுருவலாளனாகக் கருதி அடையாளங் காணும் அளவையாகவே இருந்தது. அந்த எண்ணெயை ஆக்கியவர் என்ன உண்டனர் என்று அவ்வளவை கேட்கவில்லை.

இலங்கையிலிருந்து கொப்பராவும் எண்ணெயும் கப்பலேறின. ஐரோப்பாவில் அவை சவர்க்காரமாகவும் மெழுகுவர்த்தியாகவும் மாஜரீனாகவும் உருமாறின. உருமாறியவற்றுட் சில பேணிகளில் மீண்டு வந்து எமது கடைகளில் விற்பனையாயின. காலனித்துவப் பொருளாதாரத்தின் வட்டத்தை இதனிலும் சுருக்கமாக வரைதல் அரிது.

வெண்ணெய்க்கு ஒரு குறையிருந்தது. கொழும்பின் நண்பகல் வெப்பம் சாதாரணமாக 30 பாகையளவினது. அவ்வெப்பத்தில் வெண்ணெய் குழையும். அதனைக் காக்கப் பனிக்கட்டி வேண்டும். அப்பனிக்கட்டியின் இருப்பிடம் கொம்பனித்தெருவே: 1866இற் தோன்றிய கொழும்பு ஐஸ் கம்பனியின் வழிவந்த எலிபன்ட் ஹவுஸ் நிறுவனம் கிளெனி வீதியிற் தொழிற்சாலையும் குளிர்களஞ்சியமும் நடத்திற்று. துரைமாரின் மேசைக்குரிய வெண்ணெய் குளிரிற் கிடந்தது. அதனருகே வேலைசெய்தவரின் குடியிருப்புகளிற் குளிர்சாதனம் இல்லை. இவ்விடைவெளியையே ஐதரசனேற்றம் நிரப்பிற்று. 1902இல் ஜேர்மானியரான வில்ஹெல்ம் நோர்மன், நிக்கல் ஊக்கியின் துணையோடு திரவ எண்ணெயில் ஐதரசனைச் செலுத்தி அதனை உறையவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முழுதும் ஏற்றாமல் இடையில் நிறுத்தினால் எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளுட் பல ட்ரான்ஸ் வடிவுக்குத் திரும்பிவிடும். அதனால் வெப்பநாட்டிலும் குழையாத, மாதக்கணக்கிற் கெடாத, பனிக்கட்டி வேண்டாத கொழுப்புக் கிடைத்தது. ட்ரான்ஸ் கொழுப்பை ஏழையின் குளிர்சாதனப்பெட்டி என்று நாம் அழைப்பின் அது மிகையாகாது.

1929இல் ஒல்லாந்த மாஜரீன் முதலாளிகளும் பிரித்தானியச் சவர்க்கார முதலாளிகளும் யூனிலீவராக ஒன்றிணைந்தனர். ஒரே எண்ணெய்க்காகப் போட்டியிட்டவர்கள் ஒரே கணக்கேட்டினுள் வந்தனர். 1938இல் லீவர் பிரதர்ஸ் சிலோன் நிறுவனம் கொழும்பிற் கால்கொண்டது. கொட்டாஞ்சேனைக்கு அணித்தான கிராண்ட்பாஸ் அதன் தொழிற்சாலை வட்டாரமாயிற்று. 2018இல் யூனிலீவர் உலகெங்குமுள்ள தன் மாஜரீன் வணிகத்தைக் கே.கே.ஆர். என்னும் நிதி முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றமை, தொழில் மூலதனம் நிதி மூலதனத்துக்கு வழிவிடும் பழைய கதையின் புதியதோர் அத்தியாயம்.

அயல்நாடான இந்தியாவில் நிகழ்ந்ததும் ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 1937இல் டால்டா சந்தைக்கு வந்தது. நெய்யைப் போன்ற தோற்றமும் மணிமணியான பதமும் கொண்டு, நெய்யின் விலையிற் சிறுபங்குக்கு விற்ற வனஸ்பதியைக் காந்தியடிகள் தம் இறுதியாண்டுகளிற் கடுமையாக எதிர்த்தெழுதினார். அரசு அதனைத் தடைசெய்யவில்லை; மாறாக, வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் கட்டாயமாகச் சேர்க்கப்படவேண்டுமென விதித்தது. நல்லெண்ணெய் கலந்த கொழுப்பு போடுவேன் சோதனையிற் செந்நிறங் காட்டும். நெய்யில் வனஸ்பதி கலக்கப்பட்டால் அந்நிறமே காட்டிக்கொடுத்துவிடும். நெய்யை வாங்க வசதியுள்ளவனுக்கு இதனாற் காப்புக் கிடைத்தது. வனஸ்பதியையே வாங்கி உண்டவனுக்கோ, அதில் எவ்வளவு ட்ரான்ஸ் கொழுப்பு உள்ளதெனச் சொல்லும் சோதனை எதுவும் அப்போது விதிக்கப்படவில்லை. சில வனஸ்பதி வகைகளில் அது கொழுப்பின் 40 சதவீதத்தையும் தாண்டியிருந்தமை பின்னரே தெரியவந்தது. தமிழரின் எண்ணெய் என்ற சொல்லுக்குத் தாயான எள், ஒரு நூற்றாண்டின் நடுவிற் காவற்காரனாக நிறுத்தப்பட்டது நெய்க்கடையின் வாயிலிலேயே அன்றி ஏழையின் அடுப்பருகில் அன்று.

அளக்கும் கருவி இல்லாமையே காரணமெனச் சிலர் கூறுவர். இது முழு உண்மையன்று. 1952இல் ஜேம்சும் மார்ட்டினும் வாயுக் குரோமற்றோகிராபி முறையை உலகுக்கு அறிவித்த முதற் கட்டுரையே கொழுப்பமிலங்களைப் பிரித்தளப்பது பற்றியதுதான். போமிக் அமிலத்திற் தொடங்கி 12 காபன் கொண்ட லோரிக் அமிலம் வரை அது சென்றது. லோரிக் அமிலம் எமது தேங்காய் எண்ணெயின் ஏறத்தாழச் சரிபாதி என்பதை இங்கு குறிப்பிடலாம். செங்கீழ்க் கதிர்களை ட்ரான்ஸ் பிணைப்புகள் தனித்துவமாக உறிஞ்சும் இயல்பைக் கொண்டு அவற்றை அளக்கும் முறையும் அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. 1957இல் அமெரிக்காவில் ஃபிரெட் கும்மெரோவும் அவருடன் பணியாற்றியோரும் மனித உடலின் இழையங்களில் ட்ரான்ஸ் அமிலங்கள் படிந்திருப்பதை வெளியிட்டனர். ஆகவே கருவியும் இருந்தது, ஐயமும் இருந்தது. இல்லாதிருந்தது அளக்கவேண்டுமென்ற அவசியமே. நிரம்பிய கொழுப்பைக் குற்றஞ்சாட்டிய அக்கால மருத்துவக் கருத்து, மாஜரீன் விற்பனைக்குத் துணைபோயிற்று. 1990இல் மென்சிங்கும் கட்டானும் ட்ரான்ஸ் கொழுப்புத் தீய கொலஸ்திரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கின்றதெனக் காட்டினர். 1993இல் வில்லெட் குழுவினர் 85,000க்கு மேற்பட்ட தாதியரிடம் நடத்திய ஆய்வு அதனை இதயநோயுடன் தொடர்புபடுத்திற்று. நோர்மனின் காப்புரிமைக்கும் இதற்கும் இடையே 90 ஆண்டுகள்.

இலங்கையில் இக்கொழுப்பு நகர உழைப்பாளியை எவ்வழியாக அடைந்தது? தேங்காய் எண்ணெய் வழியாகவன்று. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் ஏற்கெனவே நிரம்பிய கொழுப்பாதலால், அதில் ட்ரான்ஸ் வடிவுக்குத் திரும்பக்கூடிய பிணைப்புகளே சொற்பம். கோதுமை மாவே வழியாயிற்று. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மக்கள் ஓகஸ்ட் 12இல் ஹர்த்தாலிற் கிளர்ந்தெழுந்தமையும் பிரதமர் பதவி விலகியமையும் இடதுசாரி இயக்க வரலாற்றிற் பொன்னெழுத்துகளாற் பொறிக்கப்பட்டவை. அதன்பின் அரிசியைத் தொடுவதற்கு ஆட்சியாளர் அஞ்சினர். ஆனால் உதவியாகவும் கடனாகவும் வந்த கோதுமை மாவு ஓசையின்றிப் பரவிற்று. 1980இல் திருகோணமலையிற் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கிற்று. சோற்றுக்குக் கறி வேண்டும், கறிக்கு விறகும் நேரமும் வேண்டும். பாணுக்கும் பணிசுக்கும் இவை வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்குக் கொழுப்பு வேண்டும். பற்றிஸின் பொறுபொறுப்பும், கேக்கின் மென்மையும், பாணின் மேல் தடவுவதும் யாவும் உறைந்த கொழுப்பின் காரியங்களே. துறைமுகத்துக்கோ அலுவலகத் துப்புரவுக்கோ அதிகாலையிற் புறப்படும் கொம்பனித்தெருவாசி தேநீருடன் உண்ணும் மீன் பணிஸும், இரவிற் தகட்டின் மேல் தாளமிடும் கொத்துரொட்டியும் இவ்வரலாற்றின் பேறுகள். அவர்தம் உணவுப் பழக்கம் பிழையென்று போதிக்கும் சுகாதாரப் பிரசங்கிகள், அவர்தம் வேலைநேரத்தையும் அடுப்படியின் அகலத்தையும் பற்றி வாய்திறப்பதில்லை.

இதற்கு மறுதலையாக, தேங்காய் எண்ணெயே எம் மரபு, அதுவே மருந்து என முழங்குவோரையும் நாம் காண்கின்றோம். தேசியத்தின் பெயரால் ஒரு கொழுப்பமிலத்தின் குணம் மாறிவிடாது. 90 சதவீதம் நிரம்பிய கொழுப்பு என்பது எந்தக் கொடியின் கீழும் 90 சதவீதமே. மேலும், ட்ரான்ஸ் கொழுப்பை விலக்கிய தொழிற்சாலைகள் பல அவ்விடத்திற் பாமெண்ணெயின் உறைபகுதியைப் புகுத்தின. அதுவும் நிரம்பிய கொழுப்பு மிகுந்ததே. 2021 ஏப்பிரலில் அரசு பாமெண்ணெய் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தபோது பேக்கரித் தொழில் தடுமாறியதிலிருந்து, அது எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பது புலனாயிற்று. அதற்குச் சற்று முன், மார்ச் மாதத்தில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லரொட்சின் நச்சு அளந்து கண்டறியப்பட்டது நாடெங்கும் பேசப்பட்டது. அரசு விரும்பும்போது அளக்க வல்லது என்பதற்கு அது சான்று.

இன்றைய எல்லைகளை நோக்குவோம். டென்மார்க் 2003இல் தொழிற்சாலை ட்ரான்ஸ் கொழுப்பை 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மட்டுப்படுத்திற்று. உலக சுகாதார நிறுவனம் 2018இல் உலகெங்கும் அதனை ஒழிக்க அறைகூவல் விடுத்தது. இந்தியா 2022 சனவரி முதலாந் திகதி தொடக்கம் 2 சதவீத எல்லையை நடைமுறைப்படுத்திற்று. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர்க்கு ட்ரான்ஸ் கொழுப்பு 2.2 கிராமுக்கு மேற்படலாகாது என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு. ஒரு பணிஸிலும் ஒரு பற்றிஸிலும் சேர்ந்து 10 கிராம் கொழுப்பு இருக்கிறதென்று கொள்வோம். அக்கொழுப்பின் 30 சதவீதம் ட்ரான்ஸ் ஆயின், காலைத் தேநீரோடேயே 3 கிராம் உட்சென்று அன்றைய எல்லை கடந்துவிடும். 2 சதவீதமாயின் 0.2 கிராமே. இரண்டு பணிசுகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும், நாவுக்கும் பெரும்பாலும் அவ்வாறே. அளவையன்றி வேறெதுவும் அவற்றைப் பிரித்துக் காட்டாது.

இலங்கையிற் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் முறை 2019இற் திண்ம உணவுகளுக்கும் விரிந்தது. ஆயின் நிறம் ஒட்டுவதற்குப் பொதி வேண்டும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்துக் கடதாசியிற் சுற்றித் தரப்படும் பற்றிஸுக்கு எந்நிறம்? தாச்சியில் மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயிற் பொரித்த இறால் வடைக்கு எந்நிறம்? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்க்கு மாதிரி எடுக்கும் அதிகாரத்தை வழங்கியிருக்கின்றது. அதிகாரம் ஏட்டில் இருப்பது வேறு, தாச்சியருகே சென்று மாதிரி எடுப்பது வேறு. ஒரு பற்றிஸை அளப்பதற்கு அதனை அரைத்துக் கரைப்பானாற் கொழுப்பைப் பிரித்தெடுத்து, கொழுப்பமிலங்களை மெதைல் எசுத்தர்களாக்கி, 100 மீற்றர் நீளமான நுண்குழாயினூடே செலுத்திப் பிரித்தறிய வேண்டும். வெண்ணெயிலும் பாலிலும் இயல்பாகவே உள்ள ட்ரான்ஸ் அமிலத்தைத் தொழிற்சாலையின் ட்ரான்ஸிலிருந்து வேறுபடுத்தப் பயிற்சியும் வேண்டும். செலவுண்டு; ஆனால் செய்யவியலாத செயலன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, மக்கள் மலிவான கொழுப்பையும் மலிவான மாவையும் நோக்கி மேலும் தள்ளப்பட்டனர். அளக்க வேண்டிய தருணம் ஒன்றிருந்ததாயின் அது அதுவே.

கிளெனி வீதி இன்று நீதியரசர் அக்பர் மாவத்தை. பனிக்கட்டித் தொழிற்சாலை நின்ற நிலத்தில் 2024இற் திறக்கப்பட்ட ஆடம்பர விடுதியும் மாடிக்குடியிருப்புகளும் எழுந்துள்ளன. அவற்றின் சமையலறைகளுக்கு வரும் வெண்ணெய் குளிரூட்டிய வண்டிகளில் வருகின்றது. 2010இல் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டது முதலாகப் பழைய குடிகளுட் பலர் வேறிடங்களின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். எஞ்சியோரின் தெருமுனைகளிற் பேக்கரிகளும் கொத்துக்கடைகளும் முன்போலவே இயங்குகின்றன. வட்டாரத்துக்குப் பத்து மாதிரிகளாக ஆண்டுக்கு இருமுறை எடுத்து, முடிவுகளை மும்மொழிகளிலும் அக்கடைகள் இருக்கும் தெருவிலேயே ஒட்டிவைப்பது ஒரு மாநகரசபைக்கு இயலாததன்று. தொழிற்சங்கங்களும் வட்டாரச் சங்கங்களும் இதனை ஒரு கோரிக்கையாக முன்வைக்கலாம். கொழும்பு மாநகரசபைக்கெனப் பகுப்பாய்வாளரின் ஆய்வுகூடம் ஒன்று உண்டு. கொம்பனித்தெருவிலிருந்து யூனியன் பிளேஸ் வழியே நடந்தால் நகர மண்டபம் அரைமணி நேரத் தூரங்கூட இல்லை.